ஒற்றைக் கோலும் முதலாம் ஆண்டுச் சம்பியனும்

பொன்னாடை போர்த்தியும் புழுங்காமல் வீற்றிருக்கும் விழாத் தலைவர், கதிரொளிக் கல்லூரியின் பழைய மாணவர், நமது உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவர் இராஜரட்ணம் அவர்களே. அவருக்கு இடமும் வலமும் இருந்து தலையாட்டும் குழுவினரே. முழங்கால் நோவோடும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத பெரியோர்களே. பிள்ளைகளின் குளிர்க்கோட்டுகளை மடியில் குவித்து, அந்தக் குவியலுக்கு மேலால் என்னைப் பார்க்கும் தாய்மார்களே. அஜக்ஸில் மலிவாக வீடு வாங்கிய குற்றத்துக்காக 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து பிந்தி வந்தவர்களே. புனித லூக்கா கல்லூரியின் பழைய மாணவர்களே, அவர்களில் ஒருவனாகி இப்போது தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மகன் அலெக்ஸாண்டரே. வாசலடி மேசையில், கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்றை முதலில் வாங்கிக்கொண்டிருக்கும் பஸ்ரியன் தம்பியே. உங்கள் அனைவருக்கும் இந்தக் கிளடிஸின் அன்பான மாலை வணக்கம்.

நிகழ்ச்சி நிரலில் எனக்கு இரண்டு நிமிடம் போட்டிருக்கிறது. வாழ்த்துரை சொல்லி, கிண்ணத்தின் மேலுள்ள சிவப்புத் துணியை இழுக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. துணியை இன்னும் இழுக்கவில்லை என்பதைச் சபையோர் கவனிக்க வேண்டும். அது தற்செயல் அல்ல.

அந்தத் துணிக்குக் கீழே என்ன இருக்கிறது? வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணத்தின் கீழே மரப்பீடம். பீடத்தைச் சுற்றி ஆண்டுக்கு ஒன்றாகப் பித்தளைத் தகடு. தொண்ணூறாம் ஆண்டிலிருந்து தகடுகளில் பெயர்கள் பளபளக்கின்றன. அதற்கு முந்திய ஐந்து ஆண்டும் நமக்குக் கிண்ணமும் இல்லை, சம்மேளனமும் இல்லை, சண்டைக்கு மட்டும் குறைவில்லை. அந்த ஆண்டுகளில் வென்றவர்களுக்கும் இப்போது சம்பியன் பட்டம் கொடுப்பது என்று குழு தீர்மானித்தது. நான்கு தகட்டில் பெயர் வெட்டி முடிந்துவிட்டது. முதலாம் ஆண்டு, எண்பத்தைந்து, அந்த ஒரு தகடு மட்டும் வெறுமையாக இருக்கிறது. திங்கட்கிழமை அதிலும் வெட்டப்போகிறார்கள். வெட்டிய பிறகு பித்தளையோடு வாதாட முடியாது. ஆகவே இன்றிரவுக்குள் பேசியாக வேண்டும்.

இத்தனை ஆண்டு கழித்துப் பட்டமா என்று சிலர் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு அவமானத்தைப் பன்னிரண்டு ஆண்டு பத்திரமாக வைத்திருக்கலாம் என்றால், ஒரு வெற்றியை ஏன் வைத்திருக்கக் கூடாது? என்னிடம் இரண்டும் இருக்கின்றன. இரண்டும் கெடவில்லை. குழு செய்தது நல்ல காரியம், நேரான காரியம், செய்யவேண்டிய காரியம். நான்கு தகட்டுக்கும் நான் கைதட்டுகிறேன். ஐந்தாவது தகட்டுக்குத்தான் என் கை எழும்பவில்லை.

அந்தத் தகட்டுக்கு என்ன தீர்ப்பு? கதிரொளியும் புனித லூக்காவும் இணைச் சம்பியன்கள். கேட்கவே இனிக்கிறது. இரண்டு பக்கமும் சந்தோஷம். ஆனால் சபையோரே, அன்றைக்கு அந்தப் புல்வெளியில் நான் இருந்தேன். பெரிய சாப்பாட்டுப் பானையோடு இருந்தேன்.

வோபர்னில் ஒரு பூங்கா. ஐப்பசி மாதக் குளிர். அந்த ஆண்டு இந்த ரொறன்ரோவில் நமக்கு இருந்தவை இரண்டே இரண்டு கல்லூரி அணிகள். ஆகவே முதலாவது ஆட்டமே இறுதி ஆட்டம். பக்கத்துக்குப் பதினொருவர் எங்கே கிடைப்பார்கள்? பாதிப்பேர் வேலையில், மீதிப்பேர் நித்திரையில். எட்டும் எட்டும் பதினாறு பேர் வந்தார்கள். வந்து பார்த்தால் மைதானத்தில் ஒரு கோல்தான் நிற்கிறது. மற்றதை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

நம்மவர்கள் விடுவார்களா? ஒற்றைக் கோலுக்கு விளையாடுவது என்று முடிவெடுத்தார்கள். பந்தைப் பறிக்கிறவர், தூரத்தில் நின்ற மேப்பிள் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, அதே கோலுக்குள் அடிக்க வேண்டும். இரண்டு அணிக்கும் ஒரே கோல். அப்படியென்றால் இரண்டு அணிக்கும் ஒரே காப்பாளன். யார் நிற்பது? கதிரொளியான் நின்றால் லூக்காக்காரர் நம்பமாட்டார்கள். லூக்காக்காரன் நின்றால் கதிரொளியார் அடிக்கவே வருவார்கள்.

அப்போதுதான் எனக்குப் பானை தூக்கி வந்த பொடியனில் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. மன்னார்க் கரையிலிருந்து வந்து சேர்ந்த பஸ்ரியன்.

"நீ எந்தப் பள்ளிக்கூடமடா?"

"அஞ்சாம் வகுப்போடை கடலுக்குப் போயிட்டன், அண்ணை."

"அப்ப நல்லது. ஒருத்தற்றை பக்கமும் இல்லை. போய்க் கோலுக்கை நில்."

இதைச் சொன்னவர் யார்? நமது தலைவர். ஓம், யோகராணி பிள்ளை, உம்முடைய மனுசன்தான். நீர் சிரிக்கலாம், அவர் பார்க்காத பக்கம்தான் இருக்கிறீர்.

காவலுக்கு அவனிடம் என்ன இருந்தது? கூரை வேலைக்குப் போட்ட தோல் கையுறை இருந்தது. காலில் குளிருக்குப் போட்ட பூட்ஸ் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கதிரொளி அடித்தது, பிடித்தான். லூக்கா அடித்தது, தட்டினான். தலையால் இடித்தார்கள், தாவினான். தரையோடு விட்டார்கள், விழுந்தான். வலையில்லாத அந்தக் கோலுக்குத் தானே வலையாகி நின்றான். மரத்தைச் சுற்றிச் சுற்றி மனிதர்கள் களைத்தார்கள். கோல் விழவில்லை.

யார் அங்கே, "ஆச்சி, ஒண்டு உள்ளுக்கை போனது" என்கிறது? குரல் தெரிகிறது, தம்பி. நீர் அடித்தது கோலுக்குள் போகவில்லை, பேருந்து நிறுத்தத்துக்குப் போனது. அங்கே நின்ற வெள்ளைக்கார மனுசிதான் திருப்பி எறிந்தார். உம்மைவிட நேராக எறிந்தார்.

பொழுதுபட்டது. சரி, பக்கத்துக்கு ஒரு பெனால்டி அடித்து முடிப்போம் என்றார்கள். முதலில் வந்தவர் இராஜரட்ணம் தம்பி. அந்த நாளிலேயே சொந்த வீடு. அந்த வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில் யார் வாடகைக்கு இருந்தது? பஸ்ரியன். பந்தை வைத்துவிட்டு நமது தலைவர் மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, வீட்டுத் திறப்பு ஆரிட்டை இருக்கெண்டு ஞாபகம்தானே?"

"ஓம் அண்ணை. அடியுங்கோ."

அடித்தார். இடது கையால் தட்டிவிட்டான். பெருவிரல் அப்போதே கோணிப்போயிற்று.

அடுத்து வந்தது என் மகன். பெற்றவள் என்பதற்காக நான் மறைக்கப்போவதில்லை.

"மச்சான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உன்னை ஆர் காரிலை ஏத்துறது?"

"நீதான். இனி நடந்து போறன். அடி."

அடித்தான். பஸ்ரியன் முழங்காலில் வாங்கினான்.

முடிவு என்ன? பூச்சியத்துக்குப் பூச்சியம்.

மணிச்சத்தம் கேட்டது, செயலாளர் தம்பி. எனக்குக் காது நன்றாக இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு வாய்திறக்காமல் இருந்தேனே, அந்த நேரத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்ளும்.

இனித்தான் என் வழக்கு. நமது ஆட்டங்களில் கிண்ணம் வருவதற்கு முன்பே, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு வழக்கம் இருந்தது, எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் வென்றவர்கள் சாப்பிட இருப்பார்கள், தோற்றவர்கள் பரிமாறுவார்கள். கிண்ணம் இல்லாத காலத்தில் அந்தச் சாப்பாடுதான் கிண்ணம். சாப்பாட்டுக் கோப்பையோடு இருந்தவன் சம்பியன், கரண்டியோடு நின்றவன் தோற்றவன். அன்றைக்கு யார் இருந்தார்கள்? கதிரொளி இருந்தது, தோற்கவில்லை என்று. லூக்கா இருந்தது, தாங்களும் தோற்கவில்லை என்று. பதினாறு பேரும் புல்லில் வட்டமாக இருந்தார்கள். கரண்டியோடு நின்றவன் யார்?

பஸ்ரியன். வீங்கிய விரலோடு புட்டுப் போட்டான், இறைச்சிக்கறி விட்டான். எல்லோரும் அவனைத்தான் ஏசினார்கள். "நீ ஒண்டு விட்டிருந்தியெண்டால் மச் முடிஞ்சிருக்கும், விசரா" என்றார்கள். "எலும்பாப் பாத்துப் போடு" என்று ஒருவர் கோப்பையை நீட்டினார். யார் என்று நான் சொல்லமாட்டேன். பொன்னாடை போர்த்தியிருக்கிறார்.

நான் அப்போதே கேட்டேன், "தம்பிமாரே, உங்கள் எல்லாரையும் வெண்டவன் நிக்கிறான், தோத்தவை இருந்து தின்னுறியள், உது என்ன முறை?" என்று. என்ன பதில் வந்தது? "அன்ரி, உங்களுக்கு ஃபுட்போல் விளங்காது."

அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஒப்புக்கொள்கிறேன். ஓஃப்சைட் எனக்கு இன்றைக்கும் விளங்காது. ஆனால் அடிக்க வந்தவன் அடிக்கவில்லை என்றால் தோற்றவன் அவன் என்பதும், தடுக்க நின்றவன் தடுத்துவிட்டால் வென்றவன் அவன் என்பதும் யாருக்கு விளங்காது? அடிக்காதவர்கள் இரண்டு பேராகிவிட்டால் அது இணைவெற்றி ஆகிவிடுமா? இணைத்தோல்வி என்று ஒன்று இருந்தால் தகட்டில் அதை வெட்டுங்கள். நானே இரண்டு கையாலும் துணியை இழுக்கிறேன்.

குழுவினரிடம் போன கிழமையே கேட்டேன். இரண்டு நியாயம் சொன்னார்கள். பழைய மாணவர் அணிக்குத்தான் பட்டமாம், பஸ்ரியன் ஒரு கல்லூரியிலும் படிக்கவில்லையாம். நல்லது. படிக்கவில்லை என்பதற்காகத்தானே அவனைக் கோலுக்குள் நிறுத்தினீர்கள்? நிறுத்தும்போது தகுதியாக இருந்தது, பட்டம் கொடுக்கும்போது குறையாகிவிட்டதா? இரண்டாவது நியாயம், ஒரு ஆள் அணி ஆகாதாம். ஏன் ஆகாது? அன்றைக்குப் பதினாறு பேரும் சேர்ந்து யாருக்கு எதிராக விளையாடினீர்கள்? ஒருவரோடு ஒருவர் விளையாடியதாக நினைத்தீர்கள். விளையாடியது முழுக்க அவனோடு. எதிரணி என்று ஒன்று அந்தப் புல்வெளியில் இருந்தது என்றால் அது அவன்தான்.

இன்று மாலை கோட்டுக் கழற்றும் இடத்தில் பஸ்ரியனுக்குப் பின்னால் நின்றேன். அவருடைய மகள் ஸ்டெபனி, பள்ளிக்கூட அணியில் கோல் காக்கிறவள், சுவரில் மாட்டியிருந்த அணிப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அப்பா, which one is your team?" என்று. அவர் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார், "எனக்கு டீம் இல்லை, மகள். நான் சும்மா நிண்டனான்."

சும்மா நின்றாராம்.

தாய்மார்களே, சும்மா நின்றவரின் பெருவிரலைப் போய்ப் பாருங்கள், இன்றைக்கும் நேராகவில்லை. அடுத்த மாதமே அந்த பேஸ்மென்றை விட்டுப் போகவேண்டி வந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, தலைவர் தண்ணீர் குடிக்கிறார், குடிக்கட்டும். பஸ்ரியன் இதுவரை யாரிடமும் ஒரு சொல் முறையிடவில்லை. மறப்பதற்கு அவருக்கு மனம் இருக்கிறது. எனக்கு இல்லை. அதனால்தான் இந்த மேடையில் அவர் இல்லை, நான் நிற்கிறேன்.

அங்கே வாசலடியில் கை காட்டுகிறார். "அன்ரி, விடுங்கோ, போதும்" என்கிறார். விடமாட்டேன். நீர் அன்றைக்கு ஒன்றாவது விட்டீரா?

தலைவர் அவர்களே, தகட்டில் எண்பத்தைந்துக்கு எதிரே என்ன வெட்டுவது? தலையாட்டுகிறீர்கள். தலையாட்டல் ஒலிவாங்கியில் கேட்காது. கிட்ட வந்து வாயால் சொல்லுங்கள்.

சபையோர் கேட்டீர்கள்தானே? "பஸ்ரியன்" என்றார். கொஞ்சம் மெதுவாகச் சொன்னார், ஆனால் சொன்னார். பன்னிரண்டு ஆண்டில் இன்றைக்குத்தான் இந்த மனிதரில் எனக்குக் கோபம் ஒரு பிடி குறைகிறது. முழுவதும் என்று எழுதிவிடாதேயும், செயலாளர் தம்பி.

இதோ இழுக்கிறேன் துணியை. பாருங்கள், எப்படி மின்னுகிறது.

இன்னும் ஒன்று மீதம் இருக்கிறது. பின்னால் மேசையில் புட்டும் இறைச்சிக்கறியும் மூடியிருக்கின்றன. அன்றைக்கு விட்டுப்போன முறையை இன்றைக்குச் செய்வோம். அன்று விளையாடிய பதினாறு பேரில் இங்கே இருப்பவர்கள் எழும்புங்கள். அலெக்ஸாண்டர், நீ முதலில் எழும்பு, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இராஜரட்ணம் தம்பி, பொன்னாடையை யோகராணியிடம் கொடுங்கள், கறி பட்டால் போகாது. பஸ்ரியன், நீர் எழும்பக் கூடாது. பிள்ளைக்குப் பக்கத்தில் இரும்.

இந்த மேடையைத் தந்த சம்மேளனத்துக்கும், மணியை அடித்தும் என்னை நிறுத்தாத செயலாளருக்கும், பசியோடு பொறுத்திருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும். வாசலடி மேசைதான் முதல் மேசை.

தம்பிமாரே, எலும்பாகப் பார்த்துப் போடுங்கோ.