கிட்டங்கி மாடன்

நல்ல பூட்டு வேண்டுமென்றால் திண்டுக்கல்லுக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். நானும் அனுப்பினேன். பூட்டில் எந்தக் குறையும் இல்லை. திங்கள்சந்தையில் மிளகு மூட்டை அடுக்கி வைத்திருக்கும் என் கிட்டங்கிக்குத் திருட வந்தவர்கள் அதைத் தொடவே இல்லை. கூரையில் நான்கு ஓடுகளைக் கழற்றி இறங்கிவிட்டார்கள்.

அது ஐம்பத்தொன்றாம் வருஷம். நல்லமிளகு பொன்னாக விற்ற காலம். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தேன். சாக்கை விரித்து ஏறினார்கள். நாய் வாங்கினேன், கருவாட்டுத் தலைக்கு அது விலைபோயிற்று. முதலில் வைத்த காவல்காரன் உறங்கினான். அடுத்தவன் கள்ளர்களுக்குச் சொந்தக்காரன். மூன்றாவதாக வந்த இசக்கி நேர்மையானவன். அவன்தான் வழி சொன்னான்.

"மொதலாளி, நான் ஒத்தை ஆளு. மதிலுக்க வெளியில ஒரு மாடனை வச்சா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

"நான் வேதக்காரன்லா, இசக்கி."

"நீங்க கும்பிடாண்டாம். கள்ளன் கும்பிட்டாப் போரும்."

எனக்கு அது சரியாகவே பட்டது. காவலுக்கு வருகிறவனிடம் பார்க்க வேண்டியது அவன் பலத்தை அல்ல. அவனைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை. இரண்டு கொத்தர்களை விசாரித்தேன். ஒருவன் மாடனுக்கு ஆளுயரம் பீடம் கட்டித் தருகிறேன் என்றான். இரணியல்காரன், "இடுப்பளவு போரும், மிச்சத்தப் பயமே கெட்டிக்கிடும்" என்றான். இரணியல்காரனுக்கே வேலையைக் கொடுத்தேன்.

வேதக்கோயில் சபையில் கேட்டார்கள். அது காவல்காரனுடைய வழிபாடு, தடுப்பது அன்பாகாது என்றேன். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் இசக்கி பீடத்தின் முன் தேங்காய்ச் சிரட்டையில் பாயாசம் வைப்பான். எட்டு மாதம் ஒரு மணி மிளகு போகவில்லை.

பிறகு என் தம்பி ஜெயசிங் பட்டாளத்திலிருந்து வந்தான். அவன் திருடன் அல்ல. யாரும் அப்படி நினைத்துவிடக் கூடாது. அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயது. என் தோளில்தான் வளர்ந்தான். ஒரு வெள்ளிக்கிழமை, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சிரட்டையை எடுத்துக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தான்.

"பாத்தியளாலே? மாடன் ஒண்ணும் செய்யல. எங்க அண்ணனப் போலத்தான். வெளியில வெள்ளையடிப்பு, உள்ள வெறும் மண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அண்ணே, இனிப்பு பத்தல. அடுத்த வெள்ளிக்குக் கருப்பட்டி கூடப் போடச் சொல்லுங்க."

அதன்பிறகு வெள்ளிதோறும் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். ஐந்தாவது வாரம் ஒரு மூட்டை மிளகு காணாமல் போனது. தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மக்கா, சிரிக்காத. அவனுவளுக்குப் பயம் போச்சுன்னா எனக்குக் காவல் போச்சு."

"நீங்க மாடனக் காக்குதியளா, மாடன் உங்களக் காக்குதா? மொதல்ல அதச் சொல்லுங்க."

வாசலில் நின்ற சுமட்டுக்காரர்களுக்கும் அது கேட்டது.

நான் அமைதியாக யோசித்தேன். பூட்டு துருப்பிடித்தால் எண்ணெய் விடலாம். நாய் செத்தால் வேறு வாங்கலாம். பயம் தேய்ந்துபோனால் அதைப் பழையபடி ஆக்க ஒரு வழிதான் இருந்தது. ஊரில் அப்போது வாந்திபேதி இருந்ததையும் யோசித்தேன். எலிக்கு வைக்கிற பாஷாணம் கிட்டங்கியிலேயே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை இசக்கி சிரட்டையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போன நேரம் போதுமானதாக இருந்தது. கருப்பட்டியும் கொஞ்சம் சேர்த்தேன். அவன் கேட்டிருந்தான்.

பொழுது சாயும் முன்பே, என் மடியில் தலை வைத்தபடி போய்விட்டான். "அண்ணே, தண்ணி" என்று இரண்டு முறை கேட்டான், கொடுத்தேன். போலீஸ் வாந்திபேதி என்று எழுதிக்கொண்டது. சுமட்டுக்காரர்கள் எழுதப்படாததை ஊரெல்லாம் சொன்னார்கள். அவனை நானே குளிப்பாட்டினேன். அவன் பட்டாளத்துச் சட்டை இன்றும் என் பெட்டியில்தான் இருக்கிறது. அந்த வருஷம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதையும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

அதற்குப் பிறகு கிட்டங்கிப் பக்கம் ஒருவனும் வரவில்லை. கதவைச் சாத்தி வைத்தாலே போதுமாக இருந்தது.

இப்போது நம் தாலுகாக்கள் மதராஸோடு சேர்ந்துவிட்டன. போன வாரம் தம்பி மனைவி ஜெபகுமாரி வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். நாலு வருஷமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அத்தான், மாடன் அடிச்சிட்டுண்ணே எல்லாரும் சொல்லுதாவ. அப்பம் அது காவலுக்குத்தானே நின்னுது? அன்னைக்குக் கிட்டங்கியில என்னதான் கெடந்துது?"

"நல்லமிளகு, பிள்ளே. உத்தரம் முட்டக் கெடந்துது."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கிட்டங்கிக்காகத்தான் செய்தேன் என்று எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் தம்பி இறந்த வாரம் செவ்வாய்க்கிழமையே கடைசி மூட்டையும் ஆலப்புழைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை உள்ளே ஒன்றும் இல்லை.