துண்டில் போட்ட முடிச்சு

முடிச்சோடு துண்டைத் துவைத்தால் அழுக்குப் போகாது, சிஸ்டர். உள்ளே மண் அப்படியே நிற்கும். ஆஸ்பத்திரியிலிருந்து மாதாமாதம் வந்து என் வீட்டுக்காரருக்குப் பயிற்சி கொடுக்கிறீர்களே, ஒரு நாள் அவர் துண்டைத் துவைத்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கிருமாம்பாக்கம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து மூன்று வருஷமாகிறது. தலையில் தையல் போட்ட இடத்தில் முடிகூட வளர்ந்துவிட்டது. குழந்தைவேலுக்கு என்ன குறைச்சல் என்றுதான் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். கூட இருக்கிற எனக்குத்தான் தெரியும். சாப்பிட்டது மறந்துபோகும். டிவியும் மிக்சியும் சேர்ந்து ஓடினால் காதைப் பொத்திக்கொள்வார். மத்தியானமானால் நாளெல்லாம் கரும்பு வெட்டியவர் மாதிரி சாய்ந்துவிடுவார். நீங்கள்தான் வழி சொன்னீர்கள். ஒரு வேலை முடிந்தால் துண்டில் ஒரு முடிச்சு. இந்த மூலை சாப்பாடு, அந்த மூலை மாத்திரை, இன்னொன்று மாடு, கடைசி மூலை கரும்புக்குத் தண்ணீர். மனிதர் கெட்டிக்காரர். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாம் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அதுதான் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை எதுவும் கேட்டதில்லை. எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்டாலும் பைக்தான் பதில் சொல்லும். மாட்டோடு பேசியதில் பாதி என்னோடு பேசியிருக்கமாட்டார். விழுந்த பிறகுதான் மஞ்சு, மஞ்சு என்று பின்னாலேயே வந்தார். மஞ்சுளா மாதிரி பொறுமைசாலி உண்டா என்று ஊரும் பேசியது. அந்தப் பேரைச் சட்டென்று விட்டுவிட மனசு வரவில்லை.

முதல் தடவை துவைக்கத்தான் அவிழ்த்தேன், சத்தியமாக. தூங்கி எழுந்தவர் வெறும் மூலையைத் தடவிப் பார்த்தார்.

"மஞ்சு, நான் சாப்ட்டனா?"

இல்லை என்றேன். மறுபடி உட்கார்ந்து, ஏப்பம் விட்டுக்கொண்டே சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கப்புறம் அழுக்கில்லாத துண்டையும் அவிழ்த்தேன். மாத்திரை மூலையை மட்டும் தொட்டதில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

தண்ணீர் முடிச்சில்தான் விஷயம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. காலையில் கரும்புக்குப் பாய்ச்சி, முடிச்சுப் போட்டு, வந்து படுத்தார். நான் அவிழ்த்தேன். எழுந்தவர் போய் மறுபடி மோட்டாரைப் போட்டுவிட்டார். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்து நிலத்துச் செல்லக்கண்ணு வயலுக்குள் போய் நின்றது. மறுநாள் அறுப்பு மிஷின் இறங்கவேண்டிய நெல், அத்தனையும் சாய்ந்துவிட்டது. செல்லக்கண்ணு எங்கள் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசினார். இவர் கையெடுத்துக் கும்பிட்டபடியே நின்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆள் போனதும் இவரே வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"என்ன வூட்டுக்குள்ள வச்சிப் பூட்டிடு மஞ்சு. என்ன எனக்கே நம்ப முடில."

அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே பூட்டினேன்.

அதற்கப்புறம் நீங்கள் வந்தபோதெல்லாம் தூங்குகிறார் என்று சொன்னேனே, அவர் தூங்கவில்லை. உள் அறையில் இருந்தார். சன்னல் திறந்திருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, ஒரு குறையும் வைக்கவில்லை. இன்றைக்கு நீங்கள், 'நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்போ' என்று கண் கலங்கி நின்றீர்கள். சின்னப் பெண், மனசு கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன். உங்கள் மேல் தப்பே இல்லை. அவர் இன்னமும் ஒழுங்காக முடிச்சுப் போடுகிறார். நான்தான் இன்னமும் அவிழ்க்கிறேன்.

கதவைத் திறக்கச் சொல்கிறீர்கள். திறக்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள், சிஸ்டர். அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டால், பாவம், அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?