பதினேழாம் அடிக்குறிப்பில் செத்தவர்

படகுக்காரர்: "தாத்தா, நீ எப்ப செத்த?"ன்னு என் பேத்தி கேட்டா தம்பி. அப்பத்தான் வாயில ஒரு கவளம் வெச்சேன்...

ஆசிரியர்: குழந்தைங்க எதையாவது கேக்கும் ஐயா. அதுக்கு ஒரு வரலாற்றுப் பத்திரிகை ஆபீசுக்கு வந்து...

படகுக்காரர்: உங்க பத்திரிகையைப் படிச்சுட்டுத்தான் கேட்டா! பதினோரு வருஷத்துக்கு முந்தின நாப்பத்திநாலாம் இதழ், அடிக்குறிப்பு பதினேழு. "வெள்ளம் பற்றித் தகவல் தந்தவர், மறைந்த படகுக்காரர்." அந்த மறைந்தவர் நான்தான். வணக்கம்.

ஆசிரியர்: ...உக்காருங்க.

படகுக்காரர்: செத்தவனுக்கு நாற்காலி உண்டா?

ஆசிரியர்: எங்க ஆலோசனைக் குழுவை நீங்க பாத்ததில்லை. தாராளமா உக்காருங்க.

படகுக்காரர்: அம்பது வருஷத்துக்கு முந்தின அந்த வெள்ளத்தைக் கண்ணால பாத்தவங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்களாம். இவ "எங்க தாத்தா"ன்னு கையைத் தூக்கியிருக்கா. டீச்சர் உங்க புத்தகத்தை விரிச்சு, "பொய் சொல்லாதே, அவர் செத்துட்டாரு"ன்னுட்டாங்க. அழுதுகிட்டே வந்தா.

ஆசிரியர்: நீங்களே போய் நின்னிருக்கலாமே?

படகுக்காரர்: நின்னேனே! "அவர்தான் நீங்கங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?"ன்னாங்க.

ஆசிரியர்: கேப்பாங்க... நாங்க பழக்கிவிட்டதுதான்.

படகுக்காரர்: திங்கக்கிழமை நிகழ்ச்சி. அதுக்குள்ள நான் உசுரோட இருக்கேன்னு அச்சுல வரணும். எனக்கொண்ணும் இல்ல, புள்ள பொய்க்காரின்னு பேர் வாங்கக் கூடாது.

ஆசிரியர்: இருபத்திரண்டு வருஷத்துல "திருத்தம்"னு ஒரு வரி நாங்க போட்டதில்லை ஐயா. அடுத்தவங்க தப்பைத்தான் கிழி கிழின்னு கிழிப்போம்.

படகுக்காரர்: அப்ப உங்க மானத்தைக் காப்பாத்த நான் செத்தே இருக்கணுமா?

ஆசிரியர்: அதில்ல... ஒண்ணு கேக்கறேன். ஆத்துக்கரையை வெட்டிவிட்டு ஊரை முக்கினது மில் முதலாளின்னு அன்னைக்குப் பேட்டியில சொன்னீங்களே... அவர் எப்படி இருக்காரு?

படகுக்காரர்: போன மாசம் போய்ச் சேந்தாரு. நிஜமாவே. அடிக்குறிப்புல இல்ல.

ஆசிரியர்: பசங்க?

படகுக்காரர்: எல்லாத்தையும் வித்துட்டு வெளிநாட்டுக்குப் போயாச்சு. ஏன் கேக்கறீங்க?

ஆசிரியர்: சும்மாதான்... இதழ் இன்னைக்கு அச்சுக்குப் போகுது. கடைசிப் பக்கத்துல இடம் இருக்கு. "ஆசிரியரின் கவனக்குறைவால், நலமாக இருக்கும் ஒருவரை இறந்தவர் என்று எழுதிவிட்டோம். மன்னிக்கவும்." போதுமா?

படகுக்காரர்: ஊரே சிரிக்குமே தம்பி.

ஆசிரியர்: சிரிக்கட்டும். ஞாயித்துக்கிழமை முதல் பிரதியை நானே கொண்டுவந்து பேத்தி கையில தர்றேன்.

படகுக்காரர்: அந்தக் "கவனக்குறைவை" மட்டும் அடிச்சுடுங்க. அது பொய்.

ஆசிரியர்: ஐயா...?

படகுக்காரர்: அந்த இதழ் வந்த வாரமே முதலாளி ஆளுங்க நாலு பேர் வந்துட்டாங்க, "எவன்டா சாட்சி சொன்னது?"ன்னு. நான் பரண் மேல. என் வீட்டுக்காரி உங்க புத்தகத்தை நீட்டி, "படிச்சுப் பாருங்க, அவர் போயிட்டாரு"ன்னு அழுதா பாருங்க... மேல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு! அச்சுலயே வந்திருக்குன்னு நம்பிப் போயிட்டாங்க. மறுநாளே மக ஊருக்குக் குடிவந்துட்டோம்.

ஆசிரியர்: அப்ப... நான் வேணும்னுதான் எழுதினேன்னு பதினோரு வருஷமா தெரியுமா?

படகுக்காரர்: தெரியும். நீங்களா சொல்வீங்களான்னு பாத்தேன், வாயே திறக்கலையே! ஆண்டவன் மேல ஆணையா சொல்லுங்க... முன்னப்பின்ன தெரியாத ஒருத்தனுக்காக எதுக்கு அச்சுல பொய் எழுதினீங்க?

ஆசிரியர்: நீங்க சொன்னதுல ஒண்ணை மட்டும் கட்டுரையில போடாம வெட்டிட்டேன் ஐயா. கூரை மேல தவிச்ச நிறைமாசக்காரியைப் படகுல ஏத்தினது, கரை சேர்றதுக்குள்ள புள்ள பொறந்தது, உங்க துண்டைக் கிழிச்சு அதைச் சுத்தினது... பத்திரிகையில ஆசிரியர் தன்னைப் பத்தி எழுதக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு விதி இருக்கு.