சிலுவையைத் திருப்பிக் குடுக்காத சீரேனார்

ஏன் தம்பி முழிக்கீங்க? உக்காருங்க. லாரி எங்கயும் போயிராது, சாவி உங்க கையிலதான இருக்கு. கஞ்சி வேக இன்னும் நேரம் கெடக்கு. உங்கள ஏன் ரோட்டுல மறிச்சோம், ஏன் சிலுவை தூக்கச் சொல்லுதோம்னு கேட்டீங்கள்லா, சொல்லுதேன். நான் சீரேன் வீட்டு பெர்பேத்து. இந்தக் கதையைச் சொல்ல எங்க வீட்டுக்குத்தான் உரிமை. மத்தவங்க சொன்னா உப்பு கூடிப்போகும். நீங்க சும்மா கேக்கப்படாது, அப்பப்ப 'ம்' போடணும்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால, இந்தக் கோயிலு ஓலைக்கூரையா இருந்த காலத்துல, தாழந்துறைன்னு ஒரு ஊரு. இதே ஊருதான். கடலு அப்ப இன்னும் தள்ளிக் கெடந்துச்சாம். ஊருல ரெண்டே தெரு, மேலத்தெரு, கீழத்தெரு. ரெண்டு தெருவுக்கும் கடலு ஒண்ணு, கோயிலு ஒண்ணு, கெணறு ஒண்ணு. சண்டையும் ஒண்ணுதான். யாரு பெரிய ஆளு?

வருசா வருசம் பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்கு போடுவாங்க. சேசுநாதர் பாடுபட்டுச் சிலுவையில சாகிற நாடகம். மேடை கீடை ஒண்ணும் கெடையாது, ஊருதான் மேடை. கோயில் வாசல்ல தொடங்கி, அந்தா தெரியுது பாருங்க செம்மணல் மேடு, தேரிம்போம், அது உச்சி வரைக்கும் நடந்துக்கிட்டே நடிப்பாங்க. அதுல ஒரு எடத்துல சேசு சிலுவை தூக்கமாட்டாம விழுந்துருவாரு. அப்ப அந்த வழியா ஒரு ஆளு வருவாரு. பேரு சீமோன், ஊரு சீரேன். வயக்காட்டுல இருந்து தன் பாட்டுக்கு வந்த மனுசன். சேவகங்க அவரப் பிடிச்சு, "ஏய், இதத் தூக்கு"ன்னுட்டாங்க. தூக்குனாரு. அம்புட்டுத்தான் அவரு கதை. ரெண்டு பிள்ளைங்க பேரு ஒரு எடத்துல வரும். மத்தபடி முன்னால என்ன செஞ்சாரு, பெறவு எங்க போனாரு, வேதத்துல இல்ல.

எனக்குச் சின்னதுல இருந்தே இதுதான் ரோசனை. சீரேன் எங்க இருக்கு? சாமியாருகிட்டயே கேட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்காவுல, லிபியா தேசத்துலன்னாரு. அம்புட்டுத் தூரத்துக்காரரு எருசலேமுல என்ன சோலியா வந்தாரு? திருநாளு பாக்க வந்திருப்பாருன்னாரு. வந்த எடத்துல மாட்டிக்கிட்டாரு, உங்கள மாதிரி. சிரிக்காதீங்க, 'ம்' போடுங்க.

நம்ம ஊரு பாஸ்குல அந்த சீமோன் வேசத்துக்குத்தான் அடிதடி. ஏன்னா அந்தக் கூட்டத்துலயே சேசுவுக்கு ஒத்தாசை செஞ்ச ஆம்பள அவரு ஒருத்தருதான. யூதாசு வேசத்துக்கு யாராவது சண்டை போடுவானா? மேலத்தெரு சொல்லுச்சாம், "சீமோன் எங்க ஆளுதான் கட்டணும்." கீழத்தெரு சொல்லுச்சாம், "உங்க ஆளு தொட்ட சிலுவைய எங்க ஆளு தொடமாட்டான்." நாடகம் பழக்குன லேயோன் அண்ணாவி ரெண்டு தெருவுக்கும் நடந்து நடந்து காலு தேஞ்சதுதான் மிச்சம். கடைசில, "அன்னைக்கு எவனுக்கு எரக்கம் வருதோ அவன் வந்து தூக்குங்கலே"ன்னு விட்டுட்டாராம்.

அந்த வருசம் சேசு வேசம் கஸ்பாருக்கு. தோணி கவுந்து அவரு மட்டும் கரை சேந்தாராம். அதுக்கு நேந்துக்கிட்டாரு, பெரிய வெள்ளிக்கு முந்தின தபசுகாலம் முழுக்க ஒரு வேளைச் சோறுதான்னு. சும்மாவே ஒல்லி மனுசன். சிலுவை எதுல செஞ்சாங்கங்கீங்க? அந்தக் கவுந்த தோணியோட பாய்மரத்துல. தண்ணி குடிச்ச மரம், என்னா கனம்! அவரு தங்கச்சி செசிலி அழுதிருக்கா, "அண்ணே, வேண்டாம்ணே, நீங்க தாங்கமாட்டீங்க." இவரு கேக்கல.

பெரிய வெள்ளி வந்துச்சு. வெயிலுன்னா வெயிலு, மணலு பொரியுது. கஸ்பாரு சிலுவையத் தூக்கிட்டு நடக்காரு. ஒரு தடவ விழுந்தாரு, எந்திச்சாரு. அடுத்தாப்ல தேரி அடியில விழுந்தாரு பாருங்க, எந்திக்கல. மரம் நெஞ்சு மேல கெடக்கு. கண்ணு சொருகிட்டு. வாயில நொரை.

சனம் என்ன செஞ்சுதுங்கீங்க? அழுவுது! "என்னமா நடிக்கான் பாரு கஸ்பாரு! அப்படியே ஆண்டவரப் பாத்த மாதிரி இருக்கே!"ன்னு மாருல அடிச்சு அழுவுதாங்க. சேவகன் வேசம் கட்டுன ராயப்பன் இருக்கானே, சனம் அழ அழ அவனுக்குக் குஷி. பனைநாரு சாட்டைய ஓங்கி, "எந்திரிலே யூதரின் ராசாவே!"ன்னு விளாசுதான். செசிலி மட்டும், "எங்கண்ணன் நடிக்கலய்யா, நடிக்கலய்யா"ன்னு கத்துதா. கூட்டத்துக்குள்ள விடமாட்டேங்காங்க. அவளும் அழுவுற பொம்பளையா நல்லா நடிக்காளேன்னு நெனச்சிட்டாங்களாம்.

சீமோன் வரணும். மேலத்தெரு கீழத்தெருவப் பாக்கு. கீழத்தெரு மேலத்தெருவப் பாக்கு. ஒருத்தனும் வரல. யாரு போனாலும் மத்த தெருகாரன் பேசுவாம்லா, அந்த ரோசம்.

அப்பத்தான் தேரிப் பாதையில ஒரு ஆளு வாராரு. தலையில ஒரு மூட்டை. தோளுல மம்பட்டி. ஆளு கறுத்த ஆளு, நெட்டை. வேதக்காரரு இல்ல. சேசு யாரு, சிலுவை என்ன, பாஸ்குன்னா என்ன, ஒண்ணும் தெரியாது. அவரு கண்ணுக்கு என்ன தெரிஞ்சிருக்கும் சொல்லுங்க? ஒரு மனுசன மரக்கட்டைக்கு அடியில போட்டு அடிக்காங்க. ஊரே சுத்தி நின்னு வேடிக்கை பாக்கு. அம்புட்டுத்தான் தெரிஞ்சிருக்கும்.

அந்தா அந்தக் கல்லு மேல மூட்டையப் போட்டாராம். விறுவிறுன்னு எறங்கி வந்தாராம். ராயப்பன் கையில இருந்த சாட்டையப் பிடுங்கி எறிஞ்சாரு. ராயப்பனையும் சேத்து ஒரு தள்ளு. அவன் தகரத் தொப்பி உருண்டு போகுது. லேயோன் அண்ணாவிக்குப் பூரிப்பு தாங்கல, "சீமோன் வந்துட்டாரு, பாடுங்கலே!"ன்னு கையக் காட்டுதாரு. சனங்களும் பாட ஆரம்பிச்சிட்டாங்க!

ராயப்பன் மண்ணத் தட்டிட்டு எந்திச்சு கேட்டானாம், "ஏலே, யாருலே நீ? எந்த ஊரு? யாரு மக்க?"

அந்த ஆளு சொன்னாராம், "நான் எந்த ஊரா இருந்தா ஒனக்கென்னல? ஆளு சாகக் கெடக்கான், தெரியல?"

அப்பத்தான் பாட்டு நின்னுச்சாம். அப்பத்தான் கஸ்பாரு மூஞ்சிய ஊரு பாத்துச்சாம். நடிப்பு இல்லன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சாம். அந்தக் கதைய வருசா வருசம் அழுது அழுது பாத்த சனத்துக்கு ஒண்ணும் தெரியல. கதையே தெரியாத மனுசனுக்குத் தெரிஞ்சுது.

பாய்மரத்த ஒத்தையாளா பொரட்டித் தூக்கித் தன் தோளுல போட்டுக்கிட்டாரு. செசிலி ஓடியாந்து அண்ணன் வாயில தண்ணி ஊத்துதா. உசுரு வந்துச்சு. இருமுனாரு, கண்ணத் தொறந்தாரு. ஊரு மூச்சு விட்டுச்சு. அப்ப லேயோன் அண்ணாவி மெல்லக் கிட்டத்துல வந்து, "சரிப்பா, சீமோன் வேலை முடிஞ்சுது. சிலுவையக் குடுத்துட்டு நீ போவலாம். வேற ஒருத்தனுக்கு சேசு வேசம் கட்டி மிச்சத்த முடிச்சிருதோம்"ன்னாராம்.

"மிச்சம்னா?"

"சிலுவையில அறையணும்லா."

அந்த ஆளு அண்ணாவிய மேலயும் கீழயும் பாத்தாராம். "தரமாட்டேன்"னாராம்.

"அது நாடகம்ப்பா."

"நாடகத்துலதான இவரு செத்துப் போகப் பாத்தாரு? தரமாட்டேன். நான் அங்கிட்டுப் போனா நீங்க இன்னொருத்தரப் பிடிச்சு அடிப்பீங்க."

எம்புட்டோ சொல்லிப் பாத்தாங்களாம். சேசு சாகணும், செத்தாத்தான் உயிர்ப்பாருன்னு வேதம் எல்லாம் சொன்னாங்களாம். அவரு அசையல. சிலுவையச் சுமந்துக்கிட்டே கஸ்பாரு வீட்டு வாசலுக்குப் போயி, அதக் கீழ போட்டு, அது மேலயே உக்காந்துக்கிட்டாரு. அந்த வருசம் மட்டும் எங்க ஊருல சேசுவச் சிலுவையில அறையல.

மறுநாளு கஸ்பாரு வீட்டு வாசல்லயே ஊரு கூடுச்சு. ஊர்ப்பெரியவரு சந்தியாகு நடுவுல உக்காந்தாரு. ரெண்டு தெருவும் அன்னைக்குத்தான் ஒத்துமையா நின்னுச்சாம், எதுக்குத் தெரியுமா? இவர வெரட்ட! சந்தியாகு கேக்காரு, "வேதக்காரனும் இல்ல. நேர்ந்துவிட்ட சிலுவையத் தொட்டுட்டான். எந்த ஊரு? யாரு மக்க? அது தெரியாம இவன ஊருல வைக்கலாமா?" தம்பி, உங்களுக்குச் சொல்லவா வேணும். ஊரு எதுன்னு கேக்கிறது ஊரத் தெரிஞ்சுக்கவா கேக்காங்க? நீ என்ன ஆளு, ஒன் கையில தண்ணி வாங்கலாமா, வாசல்ல நிறுத்தணுமா, இதுக்குத்தான.

அந்த ஆளு ஊரச் சொல்லல, சிலுவைய விட்டு எந்திக்கவும் இல்ல. சந்தியாகுக்குக் கோவம் வந்து, "அந்த மூட்டைய அவுருங்கலே, உள்ள இருக்கிறதப் பாத்தா ஊரு தெரிஞ்சிரும்"ன்னாராம். ராயப்பன் கல்லு மேல கெடந்த மூட்டையத் தூக்கியாந்து கயித்துல கை வச்சுட்டான்.

அப்ப வீட்டுக்குள்ள பாயில கெடந்த கஸ்பாரு, எந்திக்கத் தெம்பில்லாம, படுத்தபடியே சத்தம் குடுத்தாராம். "சீரேன்."

"என்னது?"

"அவரு ஊரு சீரேன். என்கிட்ட கேளுங்க, நான் சொல்லுதேன். என் சிலுவையத் தூக்குனவரு ஊரு சீரேன். அந்த சீமோன் வேதக்காரரா? நீ மேலத்தெருவா கீழத்தெருவான்னு ஆண்டவரு கேட்டுட்டா சிலுவையக் குடுத்தாரு? மூட்டையில இருந்து கைய எடு ராயப்பா."

ராயப்பன் கைய எடுத்துட்டான். சந்தியாகு மேல்துண்ட ஒதறித் தோளுல போட்டுட்டு எந்திச்சுப் போயிட்டாராம். அதுதான் தீர்ப்பு.

அவரு இங்கனயே தங்கிட்டாரு. செசிலியக் கட்டுனாரு. ஆமா, என் பூட்டிதான் அந்த செசிலி, அவருதான் என் பூட்டன். யாரு வந்து எந்த ஊருன்னு கேட்டாலும், "சீரேன்"ம்பாரு. பேரே சீரேனார்னு ஆயிட்டு. வடக்க இருந்து வந்தாருங்காங்க, மலையோரங்காங்க, வெள்ளத்துல அழிஞ்ச ஊருங்காங்க. மம்பட்டி பிடிக்கிற வாகப் பாத்து வயக்காட்டு ஊருங்காங்க. எனக்கும் மண்டை காயும். வேதத்துல வார சீரேனாருக்கு ஊரு தெரியுது, மனுசனத் தெரியல. எங்க சீரேனார நல்லாத் தெரியும், ஊரு தெரியல.

அந்த மூட்டை எங்க வீட்டு விட்டத்துல தொங்குச்சாம். உள்ள என்னன்னு செசிலி பாக்காமலா இருந்திருப்பா? பொம்பளைங்க எல்லாம் நச்சரிச்சிருக்காங்க. "மூட்டைக்குள்ள மூட்டைதான் இருக்கு, போங்கடி"ன்னுட்டாளாம். கெட்டிக்காரி!

அவரு சாவப்போற நேரம். செசிலிக்குத் தாங்கல. பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சு, "இத்தன வருசம் உங்ககூட வாழ்ந்துட்டேன். ஒரு வார்த்தை கேக்கல. இப்பவாவது சொல்லுங்க. நீங்க எந்த ஊரு?"ன்னு கேட்டாளாம்.

அவரு, "தாழந்துறை"ன்னாராம். அதோட முடிஞ்சுது. இத்தன வருசத்துல அவரு வாயால இந்த ஊரு பேரச் சொன்னது அன்னைக்குத்தானாம். செசிலி அழுதாளாம், அழுதுக்கிட்டே சிரிச்சாளாம்.

அதுல இருந்துதான் தம்பி, சீமோன் வேசம் ரெண்டு தெருவுக்கும் கெடையாது. பெரிய வெள்ளியன்னைக்கு சேசு தேரி அடியில விழுறதுக்கு முன்னாலயே ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்போம். யாரு வாராங்களோ அவங்கதான். முட்டைக்காரரு தூக்கியிருக்காரு, போலீசுகாரரு தூக்கியிருக்காரு, ஒரு வருசம் தர்காவுக்குப் போன பாய் தூக்குனாரு. யாரும் வரலையா, வார வரைக்கும் சிலுவை மண்ணுலதான் கெடக்கும். தூக்குனவரு போயிரவும் மாட்டாரு, சேசுவ எறக்குற வரைக்கும் சிலுவை அடியிலயே நிப்பாரு. தூக்குறவரு கொண்டுவந்த மூட்டைய அந்தக் கல்லு மேல வைப்பாங்க, யாரும் அவுக்கமாட்டாங்க. மூட்டைக்கல்லுன்னு பேரு. முதல் கஞ்சியும் அவருக்குத்தான். இன்னைக்கு இந்த ஊருல எவனும் எவனையும் எந்த ஊருன்னு கேக்கப்படாது. கேட்டா, "சீரேன்"னு சொல்லிருங்க, வாய மூடிக்குவான்.

தேரி அங்க நிக்கி, கல்லு அங்க கெடக்கு, கதை உங்க காதுல விழுந்துட்டு. இனி இது உங்க சொமை. அந்தா மேளச் சத்தம் கேக்குது, சேசு விழப்போறாரு. உங்க பைய அந்தக் கல்லு மேல வச்சுட்டு எறங்கிப் போங்க தம்பி. பாத்து, இந்த வருசம் சேசு வேசம் கட்டுனது என் மகன். காச்சலோட நடக்கான், சொன்னா கேக்கல. அவன் நடிக்கானா, நெசமாவே விழுந்துட்டானான்னு நீங்க ஒருத்தராவது பாருங்க.