முன்சக்கரத்து நட்டு

– பிரேக்க மட்டும் சட்டுனு மிதிச்சுடாதீங்க மேடம். ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுங்க, வேகம் தானா குறையட்டும்.

– ஏம்மா, யாரு என்னன்னு சொல்லாம வண்டிய நிறுத்து நிறுத்துன்னா? மெயின் ரோட்டுல போயிட்டிருக்கேன். பின்சீட்ல மூணடுக்கு கேக்கு வேற.

– நேத்து சர்வீசுக்கு கார் விட்டீங்களே, ஸ்கூல் ஒர்க்‌ஷாப்பு, அங்கேருந்து பேசறேன். பன்னெண்டாம் வகுப்பு, ஆட்டோமொபைல் பிரிவு. மொதல்ல ஓரம் கட்டுங்க.

– வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கி அரை மணி கூட ஆகல. அதுக்குள்ள என்ன வந்துச்சு?

– இடது பக்கத்து முன்சக்கரம் மேடம். நட்ட கையால சுத்தி விட்டதோட சரி. ஸ்பேனர் போட்டு இறுக்கல.

– அடக் கடவுளே! பாலம் தாண்டினதுலேருந்து டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். கேக்குப் பெட்டிதான் ஆடுதுன்னு அத திட்டிக்கிட்டே வரேன்!

– அது கேக்கு இல்ல. ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிங்க. எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுமே, அந்த சுவிட்சப் போடுங்க. பின்னாடி ஏதாவது வருதா?

– லாரி ஒண்ணு... அப்பா, போயிடுச்சு. நின்னுட்டேன். என்ஜினையும் அணைச்சுட்டேன் பாப்பா.

– நல்லது. ஹேண்ட்பிரேக் போட்டுட்டு, ரோட்டுப் பக்கம் இறங்காம இடது பக்கமா இறங்குங்க. நட்டத் தொட்டுப் பாருங்க.

– தொட்டேன். சுத்துது! ரெண்டு விரல்ல சுத்துது! ஒண்ணு பாதி வெளிய வந்து எட்டிப் பாக்குது.

– அஞ்சும் இருக்கா? எண்ணிச் சொல்லுங்க.

– ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சு. இருக்கு.

– அப்பாடா.

– என்ன அப்பாடா? எழுபதுல வந்துட்டிருந்தேன். சக்கரம் கழண்டு ஓடியிருந்தா?

– ஓடியிருக்கும் மேடம். நான் பொய் சொல்ல விரும்பல. பதிவுத் தாள எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தேன். மூணு சக்கரத்துக்கு டிக் இருக்கு, நாலாவது கட்டம் காலி. உடனே உங்கள கூப்பிட்டேன்.

– யாரு மாட்டினது இத?

– டிக்கியத் திறந்து கார்ப்பெட்டத் தூக்குங்க. ஸ்டெப்னி பக்கத்துல வளைஞ்ச கம்பி மாதிரி ஒரு ஸ்பேனர் இருக்கும்.

– யாரு மாட்டினதுன்னு கேட்டேன்.

– எங்க வகுப்புதான்.

– வகுப்புக்குக் கையா மொளைச்சிருக்கு? ஆளச் சொல்லு.

– ...நான்தான்.

– நீயா! வாய் இவ்ளோ தெளிவு, கை மட்டும் எங்க மேயப் போச்சு? உங்க ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லாம விட மாட்டேன். இனிமே நீ ஸ்பேனரையே தொடக் கூடாது.

– அடுத்த வாரம் பிராக்டிகல் பரீட்சை மேடம்.

– அத நேத்தே நெனச்சிருக்கணும்.

– சரி, சொல்லிக்குங்க. ஆனா இப்ப நீங்க ஸ்பேனரத் தொடணும். எடுத்தாச்சா?

– எடுத்தாச்சு, எடுத்தாச்சு. இங்க நிக்கவும் பயமாத்தான் இருக்கு. ஒவ்வொரு லாரியும் முதுக உரசிட்டுப் போகுது. கொஞ்ச தூரத்துல ஒரு பெட்ரோல் பங்க் தெரியுது.

– அங்க வரைக்கும் உருட்டிட்டுப் போனா போதும். மேல இருக்கற நட்ட மொதல்ல இறுக்குங்க. அடுத்தது பக்கத்துல இருக்கறது வேணாம், ஒண்ண விட்டு ஒண்ணு. ஸ்டார் வரையற மாதிரி.

– நான் ஒரு நாளைக்கு முப்பது கிலோ மாவு பிசையறவ பாப்பா. இந்தா... ம்ம்... வந்துடுச்சு. அடுத்தது.

– சூப்பர் அக்கா. அஞ்சும் முடிச்சுட்டு இன்னொரு சுத்து மொதல்லேருந்து.

– இப்ப அக்காவா? முடிஞ்சுது. ஒண்ணும் அசையல.

– நடந்து போற வேகத்துல போங்க. சத்தம் வந்தா அங்கயே நிறுத்திடணும்.

– போறேன்... சத்தம் இல்ல... உள்ள வந்துட்டேன். கேக்கும் சாயல. அதுக்காக உன்ன விட்டுடுவேன்னு நெனக்காத.

– நெனக்கல. அக்கா, எங்க சார் வந்துட்டாரு, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க. சார், அந்த வெள்ளைக் கார், இடது முன்சக்கரம் இறுக்காமலே போயிடுச்சு சார்.

– நட்டு அஞ்சும் இருக்கா?

– இருக்கு சார். அவங்களே இறுக்கி, பாலம் தாண்டி இருக்கற பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிட்டாங்க.

– அதுக்கு மேல ஓட்ட வேணாம்னு சொல்லு. இல்ல, போன என்கிட்ட குடு... வணக்கம்மா, ஆட்டோமொபைல் வாத்தியார் பேசறேன். இருபது நிமிஷத்துல அங்க இருப்பேன். சக்கரத்தக் கழட்டி, போல்டு தேஞ்சிருக்கான்னு பார்த்து, எவ்ளோ இறுக்கம்னு காட்டற அளவு ஸ்பேனர் வெச்சு நானே இறுக்கறேன். கேக்கையும் போக வேண்டிய இடத்துல சேத்துடலாம்.

– கேக்கு இருக்கட்டும் சார். இந்தப் பொண்ணு தைரியமாத்தான் பேசறா, ஒத்துக்கறேன். எங்க வீட்டுல இவ்ளோ பொறுமையா யாரும் எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்ல. ஆனா இவ மாட்டின சக்கரத்துல நான் செத்திருப்பேன். ஹெட்மாஸ்டருக்குப் புகார் எழுதத்தான் போறேன். பரீட்சைல இவள உக்கார விடாதீங்க.

– இவ மாட்டினதா யாரு சொன்னா?

– வேற யாரு, இவளேதான்.

– சார், வேணாம் சார். போன குடுங்க சார்.

– நீ சும்மா இரு. உங்ககிட்ட பேனா இருக்காம்மா?

– ஆர்டர் நோட்டோட இருக்கு. ஏன்?

– புகார்ல என்னைப் போடுங்க. பசங்கள சுத்தி நிக்க வெச்சு, இப்படித்தான் மாட்டணும்னு செஞ்சு காட்டினேன். பாதில ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்க, எழுந்து போயிட்டேன். அந்தச் சக்கரத்துல இந்தப் பொண்ணு கையே படல.