ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ப்ராசசர்

— கம்ப்யூட்டருல ஐ-ஃபைவ் ப்ராசசரு போட்டா இவரு வேகமா பேசுவாரா, மாட்டாரா? அத்த மட்டும் சொல்லு ஹுமாயூனு.

— அவசரப்படாத ஜானட்டக்கா. ஐ-ஃபைவ்னா போர்டும் மாத்தணும், இந்தப் பழைய போர்டுல அது குந்தாது. ரேமுன்னா சொருக எடம் ஒண்ணு காலியா கீது, இப்பவே போட்டுட்டு போய்டுவேன். ரெண்டத்தையும் கடையிலர்ந்து எடுத்தாந்துட்டேன். எது தேவையோ அத்த போடலாம்.

— இன்னா வேணா போடு. ஞாயித்துக்கெயமக்குள்ள சரியாவணும். பெரம்பூர்லர்ந்து மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு பாக்க வராங்க. பொண்ணோட அப்பன் இவரு, "எனக்கு சம்மதம்"னு சொல்லி முடிக்கறதுக்குள்ள காப்பி ஆறி ஆடை கட்டிடும். மானம் பூடும் தம்பி.

— டெபோராவுக்கா? சொல்லவே இல்ல! மாப்ள இன்னா பண்றாரு?

— ரயில்வே ஒர்க்‌ஷாப்பு. நல்ல எடம். பக்கவாதம் வந்து பேச்சு போன மனுசன் வூட்டுல பொண்ணு கேக்கறாங்களே, அதுவே பெருசு. இந்தாளு ஹார்பர்ல கிரேன் மேல குந்தினு ஒரு சத்தம் வுட்டா கீய நிக்கறவன் அலறுவான். இப்ப இடது கையால ஒவ்வொரு எய்த்தா தட்டி, அத்த இந்த கம்ப்யூட்டரு படிச்சி சொல்லணும். அதுவும் எப்டி? நியூசு வாசிக்கற மாரி.

— அந்த சாஃப்ட்வேருக்கு புக்கு தமிழ்தான் தெரியும்க்கா. லூயிஸண்ணே, எப்டி கீற?

— நலம். நீ எப்படி இருக்கிறாய், ஹுமாயூன்?

— எனக்கு இன்னா, ஜோரா கீறேன். பாத்தியாக்கா, தட்டி முடிச்சதும் டக்குனு பேசறாரே!

— ஒன்கிட்ட பேசுவாரு. நான் கேட்டா வராது. "மாப்ள போட்டோவ பாத்தியேய்யா, புடிச்சிகீதா"ன்னு கேட்டு கேட்டு என் வாய் வலிக்குது. டொக்கு டொக்குனு தட்றாரு, தட்றாரு, மிஷினு வாயத் தொறக்கவே மாட்டேங்குது. காலைல தண்ணி புடிச்சி, இவரக் குளிப்பாட்டி, ஊட்டி வுட்டு, எக்ஸ்போர்ட்டு கம்பெனில நின்னுகினே துணில பிசிறு வெட்டி, வூட்டுக்கு வந்து மறுபடியும் மொதல்லர்ந்து. முடில தம்பி. இந்த மிஷினாவது ஒயுங்கா இருக்கக் கூடாதா?

— பேஜாராவாதக்கா. அண்ணனுக்கு புரியற மாரி சொல்றேன். ப்ராசசருன்னா கிரேனு. ரேமுன்னா யார்டு. யார்டுல சரக்க எறக்கி வெக்க எடமில்லன்னா, எவ்ளோ பெரிய கிரேனும் சும்மாதான் தொங்கினு நிக்கும். அதனால மொதல்ல ரேமு...

— யார்டு காலியாகத்தான் இருக்கிறது.

— இன்னாண்ணே, கலாய்க்கிறியா? இரு, தொறந்து பாத்துடலாம். அட, ஆமா! எட்டு ஜிபில பாதி சும்மா கீது. ப்ராசசரும் தூங்கினு கீது. இத்த மாத்தறது தண்டம்.

— அப்ப வைரசு கிய்ரசு பூந்துகீதா?

— அதுவும் இல்லக்கா. ஒண்ணு பண்ணு, எப்பவும் கேக்கற மாரி அண்ணன ஏதாவது கேளு. நான் பக்கத்துல குந்தினு ஸ்கிரீன பாக்கறேன்.

— இன்னாய்யா, ஞாயித்துக்கெயம அவங்க வந்தா இன்னா சொல்லப் போற? பாரு, ஆரம்பிச்சிட்டாரு. டொக்கு, டொக்கு. அய்யோ, உலை பொங்குது! நீ தட்டினு இருய்யா, தோ வந்துட்டேன்.

— அண்ணே, இன்னா பண்ற? பாதி வரி நல்லாதான எய்தின? எதுக்கு அல்லாத்தையும் அயிச்சிட்ட?

— அவள் போய்விட்டாள்.

— போனா இன்னா, திரும்பி வருவாங்கல்ல? எப்பவும் இப்டிதான் அயிச்சிடுவியா?

— எப்போதும்.

— இன்னா தம்பி, கண்டுபுடிச்சியா? கிரேனா, யார்டா?

— ரெண்டும் வேணாக்கா. மிஷினு சூப்பரா கீது. அண்ணன்தான் எய்தறாரு, நீ எயுந்து போனதும் அயிச்சிடறாரு.

— ஓ, அப்ப எம்மேலதான் தப்பா? நான் குந்திகினா சோறு யாரு வடிப்பா? இவரு ஒரு எய்த்து தேடறதுக்குள்ள நான் ரெண்டு கொடம் தண்ணி தூக்கிடுவேன். டெபோரா வந்தா பக்கத்துல குந்தினு மணிக்கணக்கா பேசறா. அவளுக்கு இன்னா, சின்னப் பொண்ணு, ஒடம்புல தெம்பு கீது.

— தப்புன்னு யாருக்கா சொன்னா?

— எனக்கும் ஆசையாதான் கீது தம்பி. முன்னல்லாம் டூட்டி முடிச்சி வந்து எந்த நாட்டு கப்பலு, அதுல இன்னா சரக்குன்னு சொல்லி சொல்லி சிரிக்க வெப்பாரு. இப்ப ஒரு எடத்துல குந்தினா, மறுபடியும் எயுந்துக்கவே மாட்டேனோன்னு பயமா கீது. அதான் ஓடினே கீறேன்.

— அடுப்ப நான் பாத்துக்கறேன், நீ குந்து. அவரு எய்தினதுல பாதி என் கண்ணுல பட்டுட்சி. அத்த நான் சொல்லக் கூடாதுக்கா. அவரு வாயாலதான் வரணும்.

— அப்டி இன்னா பெரிய ரகசியம்? சரி, தோ குந்திட்டேன். சொல்லுய்யா. நான் எங்கயும் போவல. மெதுவா தட்டு, ஒண்ணும் அவசரமில்ல.

— டெபோராவுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், ஜானட். தினமும் என் மடியில் படுத்து அழுகிறாள்.