குளவிக்கு விட்ட இடம்

"மாமா, மேகத்துக்குள்ள போயிட்டா எது மேல, எது கீழன்னு பிளேனுக்கு யாரு சொல்லுவா?"

வாகைக்குளத்தில் எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகளில் ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். விமானியின் முன்னால் இருக்கும் திரையைக் காட்டி, "இந்தப் பெட்டி சொல்லும்" என்றேன்.

"பெட்டிக்கு யாரு சொல்லுவா?"

இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல் கனக் குழாயைக் காட்டினேன். பறக்கும்போது அதற்குள் காற்று புகும். எவ்வளவு வேகம் என்று பெட்டி அதிலிருந்து தெரிந்துகொள்ளும். அதை வைத்து, எது மேல், எது கீழ் என்று காட்டும் அடிவானக் கோட்டைத் திரையில் சரியாக வரையும்.

"காத்து வரலன்னா?"

நான் அவளுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன். பதில் தெரியாதபோது மிட்டாய் கொடுப்பது என் வழக்கம். அன்று பதில் தெரிந்தும் கொடுத்தேன்.

என் பெயர் செந்தூர்வேல். விமானக் கருவிகளைப் பராமரிப்பவன். செவ்வாய்க்கிழமை விரதம் தப்பியதில்லை. கொசுவை அடிக்க மாட்டேன், ஊதி அனுப்புவேன். "அதுக்கும் ரேசன் கார்டுல பேரு சேத்திருங்க" என்பாள் என் மனைவி பகவதி. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு காலம் தள்ளினேன். சின்னச் சின்ன அன்பு இருந்தால் உலகம் தானாக ஓடும் என்பது என் கொள்கை. உலகம் ஓடத்தான் செய்தது.

பழைய முள் கருவிகளைக் கழற்றிவிட்டுத் திரை பொருத்தலாம் என்று முதலாளி அய்யாக்குட்டி அண்ணாச்சி முடிவு செய்தபோது, இரண்டு கம்பெனிகளின் பெட்டிகளை ஒப்பிட்டுச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். நான் இரண்டு கம்பெனிகளின் உதவி எண்ணுக்கும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டேன். இங்கே உப்புக் காற்று, பூச்சி, புழுதி எல்லாம் உண்டு. குழாய் அடைத்தால் என்ன ஆகும்?

முதல் கம்பெனியில் இசை கேட்டது. பிறகு ஒரு பதிவு எண் கொடுத்தார்கள். நாலு நாள் கழித்து ஒரு வரி வந்தது: "எங்கள் அடிவானக் கோட்டுக்குக் குழாய் தேவையில்லை." வணக்கம்கூட இல்லை. எனக்கு மனம் வாடிவிட்டது.

இரண்டாவது கம்பெனியின் உதவி மையம் ஷார்ஜாவில் இருந்தது. எடுத்தவர் முஸம்மில், காயல்பட்டினத்துக்காரர். "சாப்ட்டாச்சா அண்ணாச்சி? ஊர்ல மழை உண்டா?" என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். "எங்க பெட்டிக்குக் கொழாய் சுத்தமா இருக்கணும். அடைச்சிட்டா கோடு சாஞ்சிரும். சாஞ்ச மாதிரியும் தெரியாது, நேரா இருக்க மாதிரியேதான் தெரியும். அத மட்டும் பாத்துக்கிடுங்க."

அவர் எதையும் மறைக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

விலை, எடை, உத்தரவாதம் என்று பத்தி பிரித்து எழுதி, கடைசியில் 'பேசும் விதம்' என்று ஒரு பத்தி சேர்த்தேன். முஸம்மிலுக்கு நூற்றுக்கு நூறு. அண்ணாச்சி படித்துவிட்டு, "ஏலே செந்தூரு, பொட்டி பாத்துட்டு வாலன்னா நீ மாப்பிள்ள பாத்துட்டு வந்திருக்க" என்றார். முஸம்மில் கம்பெனிப் பெட்டிதான் விலை குறைவு என்று அவர் கையெழுத்துப் போட்டார். அன்பு வென்றது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பயிற்சியாளர் இசக்கிராஜாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். போன வருஷம் எனக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் பைக்கில் என்னை முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். கண் விழித்ததும் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "சும்மா கெடங்க அண்ணாச்சி, ஒங்கள விட்டா என் பிளேனுக்கு யாரு ஸ்குரூ முடுக்குவா" என்றார். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியாமல் இருந்தேன். அவருக்கும் சீனித்தாய்க்கும் கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை. சீனித்தாய் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

புயல் எச்சரிக்கை என்று சில நாள் யாரும் பறக்கவில்லை. குழாய்க்குப் போடும் சிவப்பு உறையை உப்புப் போக அலசிக் காயப்போட்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், ஒரு குளவி வாயில் களிமண்ணோடு குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பக்கம் குளவிக்கூட்டைக் கலைக்க மாட்டார்கள். குளவி கூடு கட்டிய வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள். விமானம் யாருடைய வீடு? அதில் அதிகம் இருப்பவர் இசக்கிராஜா. நான் இவ்வளவு நன்றாக வாதாடுவேன் என்று அதுவரை எனக்கே தெரியாது.

உறையைப் போட்டால் குளவியால் வந்து போக முடியாது. அதனால் கழற்றியே வைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். பாதி வழி திறந்துதான் இருந்தது. முஸம்மிலைக் கூப்பிட்டு, "பாதி அடைச்சிருந்தா எப்படி?" என்று கேட்டேன்.

"பாதியோ முழுசோ, பறக்கவே கூடாது அண்ணாச்சி. இப்பமே கழட்டுங்க. முடியிற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

அவருக்கு அது தொழுகை நேரம். சிரமப்படுத்த மனம் வரவில்லை. "சும்மா கேட்டேம்பா" என்று வைத்துவிட்டேன்.

குஞ்சு வெளியேறும் வரை விமானத்தை நிறுத்தி வைத்திருக்கலாமே என்பீர்கள். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அய்யாக்குட்டி அண்ணாச்சி கம்பியை எடுத்து ஒரே குத்தில் முடித்துவிடுவார்.

மறுநாள் வானம் தெளிவு. இசக்கிராஜா ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "வேகம் கொஞ்சம் கொறச்சுக் காட்டுது அண்ணாச்சி, என்னன்னு பாருங்க" என்றார். பார்த்தேன். கூடு பத்திரமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் மூட்டம். தருவைகுளம் பக்கம் உப்பளமும் வெள்ளை, கடலும் வெள்ளை, வானமும் வெள்ளை. அப்படிப்பட்ட நாளில் திரையில் தெரியும் கோடு ஒன்றுதான் துணை. அவர் தனியாகத்தான் போனார். ஏறும்போது, "கொழாயப் பாத்தாச்சுல்லா?" என்று கேட்டார்.

"பாத்தேன் தம்பி."

நான் பொய் சொல்வதில்லை.

விமானம் உப்பளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே இறங்கிக் குத்தியிருந்தது. பெட்டி நொறுங்கி உப்புநீரில் ஊறிக் கிடந்தது. இசக்கிராஜாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பேட்டரி இணைப்பைத் துண்டிக்க என்னை அனுப்பினார்கள். குழாய் இருந்த இறக்கை மட்டும் வளையாமல் கிடந்தது. விசாரணைக்கு வருகிறவர்கள் கூட்டை உடைத்துவிடுவார்களே என்று எனக்குப் பதறியது. காவலுக்கு நின்றவர் டீ குடிக்கப் போனார். மெல்லிய கம்பியால் நெம்பினேன். சின்ன மண் குப்பி மாதிரி முழுசாக வந்தது. கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டேன்.

முஸம்மில் கூப்பிட்டார். விபத்துச் செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. "அண்ணாச்சி, கொழாய் சுத்தமாத்தான இருந்துது?"

"சுத்தமா இருக்குப்பா" என்றேன்.

விமானி மூட்டத்தில் திசை தடுமாறிவிட்டார் என்று முதற்கட்ட அறிக்கை வந்தது. சீனித்தாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அவுக தடுமாற மாட்டாகளே அண்ணாச்சி" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் மிட்டாய் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் அவள் மயங்கி விழுந்தாள். டாக்டரம்மா வந்து நாடி பார்த்தாள். சீனித்தாய் முழுகாமல் இருக்கிறாள், இரண்டு மாசம் இருக்கும் என்றாள். பெண்கள் அழுதார்கள். குளவி வருவதற்கு முன்பே கரு தரித்திருக்கிறது என்று கணக்குப் பார்க்க அங்கே எனக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டேன்.

சில நாள் கழித்து, அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அந்த வீட்டுக்குப் போனேன். பின்பக்கச் சன்னல் மேல், மழை படாத மூலையில், கூட்டை வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. இசக்கிராஜாவிடம் பட்ட கடன் அதோடு தீர்ந்தது.

வைக்கும்போதுதான் கவனித்தேன், கூட்டின் ஒரு பக்கம் சின்னதாக ஓட்டை விழுந்திருந்தது. குஞ்சு நல்லபடியாக வெளியே பறந்து போயிருக்கிறது. என் கையால் ஓர் உயிர் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது.